பிளஸ் டூ முடித்த பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பம்: அப்பா அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேலூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். தேர்வு முடிந்ததிலிருந்து கல்லூரி திறக்கும் வரை, பள்ளி வாசலிலும் போனிலும் பெற்றோர் கேட்பவை பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன். கடைசித் தேதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், அவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீச்சர், பரீட்சை முடிஞ்சிருச்சு. ரிசல்ட் வர்ற வரைக்கும் நாங்க செய்ய வேண்டியது ஏதும் இருக்கா?

நிறைய இருக்கிறது. ரிசல்ட் பெரும்பாலும் மே முதல் பாதியில் வந்துவிடும். அன்றிலிருந்து இ-சேவை மையத்தில் நிற்க இடம் இருக்காது. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையிலும் மனு தேங்கும். சான்றிதழ் வேலையை ஏப்ரலிலேயே முடித்துவிட்டால் மே மாதம் முழுக்கப் படிப்பைப் பற்றிப் பேச நேரம் கிடைக்கும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதைப் படிப்பது என்று முடிவெடுப்பதும் விண்ணப்பத்தை நிரப்புவதும் பிள்ளையின் வேலை. காகிதம் திரட்டுவதும், வீட்டுப் பணக்கணக்கை ஒளிக்காமல் சொல்வதும் உங்கள் வேலை. "பணத்தைப் பத்தி நீ கவலைப்படாத, நாங்க பாத்துக்கிறோம்" என்று பாசத்தில் சொல்லிவிட்டு, ஜூலையில் "அம்புட்டுப் பணம் இல்லப்பா" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளைக்கு வேறு விண்ணப்பம் போட நாள் மிச்சமிருப்பதில்லை. வருஷத்துக்கு எவ்வளவு முடியும் என்று ஒரு தொகையை இப்போதே சொல்லுங்கள்.

என்னென்ன சர்டிபிகேட் வாங்கி வைக்கணும்?

சாதிச் சான்று, வருமானச் சான்று, தேவைப்படுவோருக்கு முதல் பட்டதாரிச் சான்று, இருப்பிடச் சான்று. எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்று ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்று அப்படியல்ல, ஓராண்டுக்குத்தான் செல்லும். அண்ணனுக்காக வாங்கியதைத் தம்பிக்குக் கொடுக்க முடியாது. எட்டாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் இருப்பிடச் சான்று கேட்பதில்லை. மும்பையிலோ கேரளத்திலோ வேலைக்குப் போய், பிள்ளையை அங்கே படிக்கவைத்துத் திரும்பிய குடும்பங்களுக்குத்தான் அது அவசியம்.

மத்திய அரசு நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்கும் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகள் மாநிலச் சாதிச் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு போகக் கூடாது. ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும். அதற்கு ஆண்டு வருமானம் 8 லட்சம் என்று ஒரு வரம்பு உண்டு. ஆனால் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது. இது தெரியாமல் "நமக்குக் கிடைக்காது" என்று ஒதுங்கிவிடுகிற விவசாயக் குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய.

ஆதார்ல இனிஷியல் பின்னாடி இருக்கு, மார்க் ஷீட்ல முன்னாடி இருக்கு. பரவாயில்லையா?

இனிஷியல் முன்பின் இருப்பதால் பெரும்பாலும் சிக்கல் வராது. பெயரின் எழுத்தே மாறியிருந்தால், பிறந்த தேதி மாறியிருந்தால் உடனே சரிசெய்யுங்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஆதாரையும் பாஸ்புக்கையும் அதற்கு ஏற்ப மாற்றுங்கள். மார்க் ஷீட்டிலேயே பிழை என்றால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாகத்தான் மனு போக வேண்டும். அதற்கு நாளாகும்.

ஒரு அப்ளிகேஷன் போட்டா எல்லா காலேஜுக்கும் போயிரும்ண்டு சொல்றாங்களே?

போகாது. இந்தத் தவறான நம்பிக்கையால்தான் எங்கள் பக்கம் அதிகம் பேர் சீட்டை இழக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பி.இ., பி.டெக். அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கலந்தாய்வு ஒன்று. அதற்கு ஒரே விண்ணப்பம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு வேறொரு பொது இணையதளம். கோரிப்பாளையத்தில் இருக்கும் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரியும் மேலூர் அரசு கலைக் கல்லூரியும் அதில்தான் வரும். அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, தியாகராசர், மதுரைக் கல்லூரி போன்றவை அரசுக் கல்லூரிகள் அல்ல. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இணையதளத்தில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சில கல்லூரிகள் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பம் வாங்க ஆரம்பித்துவிடும். தெப்பக்குளத்தில் இருப்பது தியாகராசர் கலைக் கல்லூரி, திருப்பரங்குன்றத்தில் இருப்பது தியாகராசர் பொறியியல் கல்லூரி. பெயர் ஒன்றாக இருந்தாலும் விண்ணப்பிக்கும் வழி வேறு.

ஒத்தக்கடையில் யானைமலை அருகே இருக்கும் வேளாண் கல்லூரிக்கு நேரே போய் விண்ணப்பம் கேட்காதீர்கள். அது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி, சேர்க்கை முழுக்க அந்தப் பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான். கால்நடை மருத்துவத்துக்குத் தனிப் பல்கலைக்கழகம். மாநில ஒதுக்கீட்டில் அதற்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். சட்டத்துக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். நர்சிங், பார்மசி, பிசியோதெரபி எல்லாம் மருத்துவக் கல்வித் துறையின் தேர்வுக் குழு வழியாக. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022 முதல் கியூட் என்ற நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது. அதற்கான விண்ணப்பம் பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடும். இப்போது பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே காலேஜ், ஒரே பி.காம். ஒருத்தருக்குக் கம்மியா ஃபீஸ், இன்னொருத்தருக்கு எக்கச்சக்கமா. ஏன்?

ஒருவர் எய்டட் பிரிவில் படிக்கிறார், மற்றவர் சுயநிதிப் பிரிவில். எய்டட் என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு தருகிறது, அதனால் கட்டணம் குறைவு. சுயநிதிப் பிரிவில் எல்லாச் செலவும் மாணவர் கட்டணத்திலிருந்துதான். விண்ணப்பத்தில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டியிருப்பார்கள். எய்டட் பிரிவை டிக் செய்யாமல் விட்டுவிட்டு, "எங்களுக்குத் தரலையே" என்று வருந்தும் பெற்றோர் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

பிரவுசிங் சென்டர்ல குடுத்தா அவுங்களே போட்டுத் தர்றாங்க. நாங்க ஏன் மெனக்கெடணும்?

பிரவுசிங் சென்டருக்குப் போவதில் தவறில்லை. எல்லார் வீட்டிலும் கம்ப்யூட்டர் இல்லை. ஆனால் காகிதத்தைக் கொடுத்துவிட்டு, "சாயந்தரம் வந்து வாங்கிக்கிறோம்" என்று கிளம்பாதீர்கள். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். மின்னஞ்சல் பிள்ளையின் பெயரில், செல் நம்பர் உங்கள் வீட்டு நம்பர். அந்த நம்பர் நவம்பர் வரைக்கும் உயிரோடு இருக்க வேண்டும், ரீசார்ஜ் விட்டுப்போகக் கூடாது. ஓடிபி, சேர்க்கைத் தகவல், உதவித்தொகை எல்லாம் அதற்குத்தான் வரும். கடைக்காரர் அவசரத்துக்குத் தன் நம்பரையே போட்டுவிட்டால் சீட் கிடைத்த தகவல் அவர் போனில் போய் நிற்கும்.

பாஸ்வேர்டைப் பிள்ளை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். அதே நோட்டில் விண்ணப்ப எண், பணம் கட்டிய ரசீது எண், அடுத்து வரவேண்டிய தேதி. பொறியியல் கலந்தாய்வுக்கு மாவட்டங்களில் உதவி மையங்கள் திறக்கிறார்கள். அங்கே விண்ணப்பிக்கவும் சான்றிதழ் ஏற்றவும் இலவசமாக உதவுவார்கள்.

நாங்க ரெண்டு பேரும் பத்தாவதே தாண்டல. இங்கிலீஷும் தெரியாது. எங்களால என்ன ஒத்தாசை பண்ண முடியும்?

சப்மிட் அழுத்துவதற்கு முன்னால், "ஒவ்வொரு வரியையும் எனக்குத் தமிழ்ல சொல்லுப்பா" என்று கேளுங்கள். பிள்ளை வாய்விட்டுச் சொல்லும்போது பிறந்த தேதி, சாதிப் பிரிவு, வருமானம், வங்கிக் கணக்கு எண் எங்கே பிசகினாலும் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். அதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம்.

அசல் சான்றிதழ்களை நனையாத உறையில் போட்டு ஒரே இடத்தில் வையுங்கள். ஒவ்வொன்றிலும் சில செராக்ஸ் எடுத்துவையுங்கள். பிறகு, கல்லூரியைப் பார்க்கப் பிள்ளையோடு ஒருமுறை போய் வாருங்கள். வாசலில் வருகிற மாணவர்களிடம் பேசுங்கள். ஹாஸ்டல் சாப்பாடு எப்படி, ஆசிரியர் ஒழுங்காக வருகிறார்களா, வேலைக்குக் கம்பெனிகள் வருகின்றனவா என்று கேட்க ஆங்கிலம் தேவையில்லை. நாலு பேரிடம் விசாரித்து ஒரு இடத்தை எடைபோடுவதில் நம் ஊர்த் தாய்மார்களை மிஞ்ச ஆள் கிடையாது.

கட் ஆஃப் எப்படிப் போடுறாங்க? ரேண்டம் நம்பர் கம்மியா வந்தா ரேங்க் போயிருமா?

பொறியியலுக்குக் கணக்கு முழு மதிப்பெண், இயற்பியலிலும் வேதியியலிலும் பாதிப்பாதி, மொத்தம் 200. கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 78 என்றால் 92 + 42 + 39, ஆக 173. நுழைவுத் தேர்வு 2007 முதல் கிடையாது.

ரேண்டம் நம்பர் என்பது விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் குலுக்கல் முறையில் தரும் எண். அதைப் பார்த்துக் கலங்காதீர்கள். இரண்டு பேருக்கு ஒரே கட் ஆஃப் என்றால் முதலில் பாட மதிப்பெண், பிறகு மொத்த மதிப்பெண், பிறந்த தேதி என்று வரிசையாகப் பார்ப்பார்கள். அத்தனையும் ஒத்துப்போனால்தான் அந்த எண்ணுக்கே வேலை.

சாய்ஸ் லிஸ்ட்ல கிடைக்கிற காலேஜை மேல போடணுமா, ஆசைப்படுற காலேஜை மேல போடணுமா?

ஆசைப்படுவதை மேலே. கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, உங்கள் ரேங்க்குக்குக் கிடைக்கிற முதல் இடத்தைத் தரும். மேலே எட்டாத கல்லூரியைப் போட்டதால் கீழே இருப்பது பறிபோகாது. அதே சமயம், கிடைத்தாலும் சேரமாட்டோம் என்கிற கல்லூரியைச் சும்மா நிரப்பிவைக்காதீர்கள். அதுதான் வந்து விழும். போன ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் உங்கள் சாதிப் பிரிவுக்குக் கடைசியாக எந்தக் கட் ஆஃபில் முடிந்தது என்ற பட்டியல் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருப்பதால் பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டு எண்ணைப் பாருங்கள்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துத் திருவிழாவுக்குக் கிளம்பிவிடாதீர்கள். குறித்த நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். இதுவே போதும், சேர்கிறேன் என்று சொல்லலாம். இதை வைத்துக்கொள்கிறேன், மேலே இருப்பது காலியானால் அதற்கு மாற்றுங்கள் என்றும் சொல்லலாம். இது வேண்டாம், அடுத்த சுற்றுக்குப் போகிறேன் என்றும் சொல்லலாம். பதிலே சொல்லாவிட்டால் ஒதுக்கிய இடம் போய்விடும்.

பொண்ணு ஆறாவது மட்டும் பிரைவேட் ஸ்கூல்ல படிச்சா. அப்புறம் முழுக்க கவர்மெண்ட் ஸ்கூல்தான். 7.5 சதவீதம் கிடைக்குமா?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான இந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தொடர்ச்சியாக அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. ஓராண்டு தனியார் என்றாலும் கிடைக்காது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் இலவச இடம் பெற்றுத் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. மாநகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, உசிலம்பட்டிப் பக்கம் இருக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளி எல்லாம் அரசுப் பள்ளிக் கணக்கில்தான். அரசு உதவி பெறும் பள்ளி அந்தக் கணக்கில் வராது.

இந்த ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும் 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம், கால்நடை போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இதில் சேரும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1000 ரூபாய் வேறு கணக்கு. அதற்கு அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களும் வரலாம். கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேதான் பதிவு செய்வார்கள். பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு தயாராக இருக்கட்டும்.

மூத்தவ பி.எஸ்சி. முடிச்சிட்டா. சின்னவனுக்கு முதல் பட்டதாரி சலுகை வாங்கலாமா?

வாங்க முடியாது. குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, உடன்பிறந்தவர்கள் எல்லாரும் கணக்கில் வருவார்கள். உண்மையை மறைத்து வாங்கிவிட்டுப் பிறகு மாட்டினால் அவதி பிள்ளைக்கு.

தகுதி இருப்பவர்கள் விட்டுவிடாதீர்கள். கலந்தாய்வு வழியாகச் சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கல்விக் கட்டணம் குறையும். மேனேஜ்மெண்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது.

பொண்ணு தமிழ் இலக்கியம்தான் படிப்பேங்கிறா. அவுங்க அப்பா பி.இ. கம்ப்யூட்டர்தான்ங்கிறார். தினமும் சண்டை. யார் சொல்றதக் கேக்குறது?

அப்பாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. "படிச்சு முடிச்சா சோறு கிடைக்குமா" என்று கேட்பது பெற்றவர் கடமை. அதை மகளைப் பார்த்துக் கேள்வியாகவே கேட்கட்டும். அந்தப் படிப்பில் மூன்று வருஷமும் என்ன பாடம், முடித்தபின் எங்கெங்கே போகலாம், அதற்கு இன்னும் எத்தனை வருஷம் படிக்க வேண்டும் என்று அவளே விசாரித்து வந்து சொல்ல ஒரு வாரம் கொடுங்கள். பி.எட். முடித்து ஆசிரியராவது ஒரு வழி. டி.என்.பி.எஸ்.சி.க்கு எந்தப் பட்டமும் போதும், தமிழ்த் தகுதித் தாளும் அங்கே உண்டு. பத்திரிகை, மொழிபெயர்ப்பு, ஆராய்ச்சி என்று வேறு வழிகளும் இருக்கின்றன. உண்மையாகவே ஆசையுள்ள பிள்ளை தேடிக்கொண்டு வருவாள். தோழி சேர்கிறாள் என்பதற்காகக் கேட்டவளாக இருந்தால் அதுவும் அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

அதுவரை இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பிப்பதால் சேர்ந்துவிட்டதாக ஆகாது. ஆனால் கணக்கே பிடிக்காத பிள்ளையைப் பொறியியலில் தள்ளாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதல் செமஸ்டரிலேயே அரியர் விழுந்து, அதை வீட்டில் சொல்ல முடியாமல் புழுங்கும் பழைய மாணவர்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள்.

பையன்னா எங்கிட்டும் அனுப்பலாம். பொண்ண வெளியூர் ஹாஸ்டல்ல விட மனசு வரல, டீச்சர்.

உங்கள் தயக்கம் புரிகிறது. மதுரையிலேயே அவள் கேட்கும் படிப்பு இருந்தால், வீட்டிலிருந்து போய் வரலாம். மகளிருக்குச் சாதாரண டவுன் பஸ் கட்டணமில்லாமல் ஓடுகிறது. ஆனால் கோயம்புத்தூரில் வேளாண்மை கிடைத்திருக்கும்போது, தூரம் என்ற ஒரே காரணத்துக்காகப் பக்கத்துக் கல்லூரியில் கிடைத்ததைப் படி என்றால் அது அவள் பன்னிரண்டு வருஷம் படித்ததற்கு நாம் செய்யும் நியாயம் ஆகாது. போய் ஹாஸ்டலைப் பாருங்கள். வார்டனிடம் பேசுங்கள். கழிப்பறையைப் பாருங்கள். அங்கே தங்கியிருக்கும் பெண்களிடம் தனியாகப் பேசுங்கள். அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பார்க்காமலே சொல்லாதீர்கள்.

ஒருத்தர் நல்ல காலேஜ்ல சீட் வாங்கித் தர்றேண்டு அட்வான்ஸும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கேக்குறார். குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். அரசு ஒதுக்கீட்டு இடம் ரேங்க் வரிசைப்படி மட்டும்தான் வரும், அதை யாரும் வாங்கித் தர முடியாது. குறித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்று வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அசல் சான்றிதழ் அவர் கையில் போனால் வேறு எந்தக் கல்லூரிக்கும் உங்கள் பிள்ளை போக முடியாது, அதற்காகத்தான் கேட்கிறார்கள். கலந்தாய்வு பாஸ்வேர்டு, ஓடிபி கேட்டாலும் இதே பதில்தான். அவருக்கு வேண்டிய கல்லூரியை உங்கள் சாய்ஸ் லிஸ்ட்டில் முதலாவதாகப் போட்டுவிட அது போதும்.

லோன் போட்டுப் படிக்க வைக்கலாமா? பேங்க்ல பத்திரம் கேப்பாங்களே?

வங்கிகள் பின்பற்றும் பொதுத் திட்டப்படி 4 லட்சம் வரைக்கும் சொத்து ஜாமீன் வேண்டியதில்லை, பெற்றோர் கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு வங்கிக்குப் போங்கள். விண்ணப்ப எண் கையில் இருந்தால் வாய்மொழியாக விரட்டிவிட முடியாது. கலந்தாய்வு வழியாக வந்த இடம் என்றால் கேட்பது எளிது. படிக்கும் காலமும் அதன்பின் ஓராண்டும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை, ஆனால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அந்தக் காலத்து வட்டிக்கு மத்திய அரசு மானியம் உண்டு, எல்லாப் படிப்புக்கும் அல்ல. உங்கள் படிப்புக்கு உண்டா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். கடனைக் கட்டப்போவது பிள்ளை, அதனால் மாதம் எவ்வளவு வரும் என்று அவனையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஒரு பாடத்துல போயிருச்சு. ரூமை விட்டு வெளிய வர மாட்டேங்குறான். பேசுனா எரிஞ்சு விழுறான்.

முதல் இரண்டு நாள் கல்லூரிப் பேச்சே வேண்டாம். பக்கத்து வீட்டு மார்க்கை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், சொந்தக்காரர் போனை நீங்களே எடுத்துப் பதில் சொல்லுங்கள். தனியாக விடாதீர்கள், ராத்திரி கூடவே படுத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, தூக்கம் அடியோடு மாறினாலோ செத்துப்போகிற பேச்சு வந்தாலோ 14416 அல்லது 104 என்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

துணைத் தேர்வு அதே கோடையில் வந்துவிடும். தேறினால் அதே ஆண்டிலேயே சேரலாம். பொறியியலுக்குத் துணைக் கலந்தாய்வு நடக்கிறது, கலைக் கல்லூரிகளிலும் காலி இடங்கள் இருக்கும். பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிற வழியும் உண்டு. மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்துவிட்டு மறுமதிப்பீடு கேட்கலாம். அதற்குக் கொடுக்கும் நாள்கள் குறைவு என்பதால், அவனுக்காக நீங்கள் பள்ளிக்கு வந்து தேதி கேட்டுக்கொண்டு போங்கள்.

ஒரு காலேஜ்ல பணம் கட்டிச் சேர்த்தாச்சு. இப்ப வேற இடத்துல சீட் வந்திருக்கு. கட்டுன பணம் போனதுதானா?

இல்லை. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-ல் போட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வேண்டும். அலுவல் செலவுக்கென்று 5 சதவீதம் வரை பிடிக்கலாம், அதுவும் 5,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. கடைசித் தேதி நெருங்கிவிட்டால் 90 சதவீதம், தாண்டி 15 நாளுக்குள் 80, ஒரு மாதத்துக்குள் 50. அதற்குப் பிறகு எதுவும் வராது. அதனால் முடிவெடுத்த அன்றே விலகல் கடிதம் கொடுங்கள்.

கடிதத்தில் தேதி போட்டு, நகலில் அலுவலக முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் அதே கடிதத்தைக் கல்லூரி மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். அசல் சான்றிதழைச் சரிபார்த்துத் திருப்பித்தான் தர வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கிறது. இழுத்தடித்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் இணையதளத்தில் புகார் பதியலாம். பணம் கட்டிய ரசீதும் விலகல் கடித நகலும் அதற்கு வேண்டும்.